யானைக்குத் தீனி

சென்ற மாதம் அடைமழை பெய்த ஒரு காலையிலே, வழக்கமாகச் செல்லும் மோட்டார்ச் சைக்கிளை வீட்டில் விட்டு, மாமாவின் பழைய பென்ஸ் காரிலே கல்லூரிக்குச் சென்றேன். வாயிற்காவலர் நிமிர்ந்து நின்று படலையை அகலத் திறந்தார். நான் இறங்கியதைக் கண்டதும் சிரித்துவிட்டார். அன்று மத்தியானம் உயர்தர வகுப்பு மாணவனொருவன் தயங்கித் தயங்கி வந்து, "சேர், வாத்தியார்ச் சம்பளத்திலை பென்ஸ் கார் வைச்சிருக்கலாமோ?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் காது கொடுத்துக்கொண்டிருந்தது. பாடவேளை முடியும் தறுவாய் ஆதலால், "வைத்திருக்கலாம், ஆனால் முதலில் ஒருமுறை செத்துப் பிழைக்க வேண்டும்" என்று சொல்லித் தப்பிவிட்டேன். விடையின் மிகுதியை இவ்வாரம் இப்பகுதியில் எழுதுகின்றேன். அம்மாணவன் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வாசிப்பவன் என்பது எனக்குத் தெரியும்.

கார் 1982ஆம் ஆண்டு செய்யப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி. அந்த வரிசைக் கார்கள் 1975ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி 1986ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் ஏறத்தாழ 27 இலட்சம் செய்யப்பட்டன. டீசல் எஞ்சின், நான்கு சிலிண்டர், வலு 72 குதிரை. ஏற்றத்திலே பின்னால் வரும் முச்சக்கர வண்டி ஹோர்ன் அடிக்கும். மாமா கொழும்பிலே மருத்துவராயிருந்த காலத்தில், ஒரு தூதரகம் ஏலத்தில் விற்றபோது அதனை வாங்கினார். 2019இல் கண் பார்வை மங்கியபின் திறப்பை என் கையிலே தந்தார். விற்கும்படி தரவில்லை, ஓடும்படி தந்தார். அப்பொழுது மானி நான்கு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம்மவர் கேட்பது வழக்கம். பழைய ஆடம்பரக் கார் விடயத்தில் இக்கேள்வி மிகப் பொருத்தமானது. காரின் விலை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு போகும். ஆனால் அதன் பிறேக்கும், ஸ்ரியறிங்கும், எரிபொருட் பம்பும் என்றைக்கும் விலையுயர்ந்த காரின் பிறேக்கும் ஸ்ரியறிங்கும் பம்புமே. யானை மலிந்து போகலாம், தீனி மலிவதில்லை. "இவ்வளவு நல்ல கார் இவ்வளவு மலிவா!" என்று வாங்கி, இரண்டாம் வருடத்திலே கொட்டிலில் நிறுத்தி, கோழி அடைகாக்க விட்டவர் பலரை நான் அறிவேன். இப்பொழுதோ அந்த மலிவும் இல்லை. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளிலே நாட்டிலுள்ள பழைய இரும்பெல்லாம் பொன்னாயிற்று. ஆகவே கையில் இருப்பதைக் காப்பாற்றும் வித்தை முன்னெப்போதையும்விட இன்று வேண்டியதாயிருக்கின்றது.

முதலில் நான் செய்த மடைமையைச் சொல்லிவிடுகின்றேன்.

கார் கைக்கு வந்ததும் எனக்கு ஆசை பிறந்தது. 2021இலே கையிலிருந்த சேமிப்பை எடுத்து, உடல் முழுவதும் உரைஞ்சிப் புதிய பெயின்ற் பூசுவித்தேன். ஆசனங்களுக்கு உறை தைப்பித்தேன். சக்கரங்களின் நிக்கல் மூடிகள் கண்ணாடிபோல் மின்னின. கோயில் திருவிழாவுக்குப் போனால் நாலு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். மூன்று மாதச் சம்பளம் அதிலே போயிற்று. எங்கள் ஒழுங்கையிலே கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணை மட்டும், "மாஸ்ரர், பிறேக் ஹோஸ் எல்லாம் எப்ப மாத்தினது?" என்று கேட்டார். "பிறேக் நன்றாய்ப் பிடிக்கின்றதே" என்றேன். அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. காசு கொடுப்பவன் சொன்னால் அதற்குமேற் பேசாத பண்பு நல்ல தொழிலாளரிடத்து உண்டு. சில சமயங்களில் அது நமக்குக் கேடாகவும் முடிகின்றது.

2023இல் மூத்த மகளுக்குப் பேராதனையிலே பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. பெட்டி படுக்கைகளுடன் அவளைக் கொண்டுபோய் விடுதியிலே விட்டு, மறுநாள் மனைவியும் மகனும் நானும் திரும்பினோம். கண்டியிலிருந்து மாத்தளைக்கு வரும் ஏ-9 வீதியிலே பலகடுவைக் கணவாய் இருக்கின்றது. வளைவுக்குமேல் வளைவாக வீதி இறங்கும். இறக்கத்திலே மூன்றாவதோ நான்காவதோ வளைவில் பிறேக் மிதி, இருந்த இடத்தில் நிற்காமல் ஆழமாய்ப் போயிற்று. பஞ்சுத் தலையணையை மிதித்தது போன்ற உணர்வு. மீண்டும் மிதித்தேன், இன்னும் ஆழமாய்ப் போயிற்று. மனைவி பின் ஆசனத்திலிருந்து, "இஞ்சாருங்கோ, என்ன கருகிற மணம்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கியரை இரண்டுக்கு இறக்கினேன். எஞ்சின் கத்திக்கொண்டு வண்டியைப் பிடித்தது. பின் சக்கரங்களிலே சிறிது பிறேக் எஞ்சியிருந்தது. எதிரே ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. அது கடந்ததும் இடப்புறத்து மண்மேட்டோடு வண்டியை உரசி நிறுத்தினேன். மகன் இறங்கிப் புதிய பெயின்ற் கீறுப்பட்டதைக் கையாற் தடவிப் பார்த்தான். எனக்குக் கால் நடுங்கியபடியால் உடனே இறங்க முடியவில்லை.

பின்னால் வந்த லொறிச் சாரதி ஒருவர் இறங்கி வந்து, முன் சக்கரத்தண்டை கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்து, தண்ணீர் ஊற்றவேண்டாம் என்று சைகை காட்டி, ஆறவிடும்படி சொல்லிவிட்டுச் சென்றார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதன்பின் மிதித்துப் பார்த்தால், ஆச்சரியம், பிறேக் கல்லுப்போல் நிற்கின்றது! ஒன்றுமே நடவாததுபோல. அவ்விடத்திலேதான் பலர் ஏமாந்து மறுபடியும் புறப்பட்டு விடுகின்றனர். நாங்கள் முதலாம் கியரிலே ஊர்ந்து மாத்தளை வந்து சேர்ந்து, ஒரு கராஜுக்கு வழி கேட்டோம். அங்கேயிருந்த வயோதிப நானா பிறேக் குழாயின் முளையைத் திறந்து, வந்த திரவத்தை ஒரு கண்ணாடிக் கிளாசிலே பிடித்துக் காட்டினார். சாயத் தேநீர் போலிருந்தது. "சேர், இந்தக் கார் ஓடுறதுக்குப் பிழையில்ல, நிக்கிறதுக்குத்தான் பிழை" என்றார்.

மாணவர்களுக்காக இதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கின்றேன். பிறேக் மிதியை நாம் அழுத்தும்போது அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது ஒரு திரவம். திரவத்தை நெருக்கிச் சுருக்க முடியாது. அதனாலேதான் கால் அழுத்தம் குறையாமற் போய்ச் சேருகின்றது. இத்திரவம், நம்மவர் பிறேக் ஒயில் என்று சொல்வது, காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். இது ஒருபுறமிருக்க, சக்கரத்தண்டையிலுள்ள இறப்பர்க் குழாய் வயது முதிர்ந்து உட்புறமாக வீங்கும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. காலால் அழுத்தும் பலத்திலே திரவம் அந்த ஒடுங்கிய வழியால் உள்ளே போய்விடும்; காலை எடுத்தபின் திரும்பி வர அதற்குப் பலம் போதாது. ஆகவே பிறேக் பலகை சக்கரத் தட்டை விடாமல் தேய்த்துக்கொண்டேயிருக்கும், சூடு ஏறும், ஈரம் சேர்ந்த திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியோ நெருக்கினாற் சுருங்குவது. கால் ஆழப் போவது அதனாலே. ஆறியபின் ஆவி மீண்டும் திரவமாகின்றது. மிதி பழையபடி நிற்கின்றது. அக்காரிலே முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் வெவ்வேறு சுற்று இருந்தபடியாலேயே பின்னால் சிறிது பிடித்தது. இரண்டு இறப்பர்க் குழாயும் ஒரு போத்தல் திரவமும் அப்பெயின்ற் வேலையின் விலையிலே இருபதில் ஒரு பங்குகூட வரா.

அன்று இரவு வீடு வந்து சேர்ந்ததும் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து மூன்று பகுதியாகப் பிரித்தேன். காரை நிறுத்துவதும் திருப்புவதுமான பொருள்கள் முதற்பகுதி. எஞ்சினைக் கொல்லக்கூடிய குறைகள் இரண்டாம் பகுதி. மற்றவையெல்லாம் மூன்றாம் பகுதி. முதற்பகுதியில் ஒரு வரி மீதியிருக்கும்வரை இரண்டாம் பகுதிக்கு ஒரு சதமும் செலவு செய்வதில்லை. இரண்டாவது முடியும்வரை மூன்றாவதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சிக்கனம் என்பது ஒவ்வொரு வேலையையும் மலிவாகச் செய்விப்பது என்று நான் முன்னர் எண்ணியிருந்தேன். மலிவான ஸ்ரியறிங் மூட்டு ஒன்று ஒரு வருடத்திலே ஆட்டம் கண்டு, மறுபடியும் கூலி கொடுத்து மாற்றியபின் அந்த எண்ணம் போயிற்று. எதனை முதலிற் செய்வது என்ற ஒழுங்கிலேதான் காசு மிஞ்சுகின்றது.

முதற்பகுதிக்கு ஓராண்டு சென்றது. நான்கு பிறேக் குழாய்களும் புதியன. பிறேக் ஒயில் இரண்டு வருடத்துக்கொரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஸ்ரியறிங் தண்டுகளின் மூட்டுக்கள், முன்சக்கரங்களைத் தாங்கும் குண்டு மூட்டுக்கள், ரயர்கள். ரயர் விடயத்தில் ஒன்று சொல்லவேண்டும். நம்மவர் பூவைப் பார்க்கின்றனர், வயதைப் பார்ப்பதில்லை. ரயரின் பக்கச் சுவரிலே நான்கு இலக்கங்கள் ஒரு சிறு நீள்வட்டத்துள் இருக்கும். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 3514 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டு 35ஆம் வாரத்திலே செய்யப்பட்டது. கொட்டிலில் நின்ற காரின் ரயர் பூக் குறையாமல் இருக்கும். ஆனால் இறப்பர் வெடித்திருக்கும். என்னுடையவை அப்படித்தான் இருந்தன.

இந்த இறப்பர்தான் பழைய காரின் உண்மையான வயது. இரும்பு மைலுக்குத் தேய்கின்றது. இறப்பர் வருடத்துக்குத் தேய்கின்றது. "இந்தக் கார் அதிகம் ஓடவில்லை" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வதைக் கேட்டு மயங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர். எஞ்சினைத் தாங்கும் இறப்பர், கியர்ப்பெட்டியையும் சுழலும் தண்டையும் இணைக்கும் இறப்பர்த் தட்டு, சக்கரத் தாங்கிகளின் இறப்பர்ப் புஷ்கள் யாவும் நாற்பது வருடத்திலே பாணாகிவிடும். கார் அதிரும், தட்டும், வீதியிலே அலையும். உரிமையாளர் எஞ்சின் போய்விட்டது என்று எண்ணி அரைவிலைக்கு விற்பார். அவற்றை மாற்றியபின் எங்கள் கார் எழுப்பும் ஓசையைக் கேட்டு மாமா, "இது வேறை காரோ?" என்று கேட்டார். கண் தெரியாதவர்களுக்குக் காது நன்றாய்த் தெரியும்.

இறப்பர் செய்த வேடிக்கையொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு நாள் தபாற் கந்தோருக்கு முன்னால் காரை நிறுத்தித் திறப்பைத் திருப்பி எடுத்தேன். திறப்பு கையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கின்றது. மறுபடி போட்டுத் திருப்பினேன், ஓடுகின்றது. சுற்றிலும் சனம் கூடிவிட்டது. ஒருவர் பற்றரியைக் கழற்றச் சொன்னார். டீசல் எஞ்சின் ஓடப் பற்றரி வேண்டியதில்லை என்று விளக்கஞ் சொல்ல அது நேரமன்று. இறுதியில் கியரைப் போட்டு, பிறேக்கை மிதித்து, கிளச்சை விட்டு, மூச்சடக்கி நிறுத்தினேன். எஞ்சின்மேல் அதற்கென்றே ஒரு சிறு நெம்பு இருப்பதைப் பின்னரே அறிந்தேன். அதைக் கையால் அழுத்தினாற் போதும்.

நகரத்திலே ஒரு பெரிய கராஜிலே காட்டியபோது, எரிபொருட் பம்பையே கழற்றிக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு வாய் உலர்ந்து வீடு வந்தேன். ஒழுங்கை மெக்கானிக் அண்ணை சிரித்தார். அந்தக் காரிலே எஞ்சினை நிறுத்துவது மின்சாரமன்று, வெற்றிட உறிஞ்சல். எஞ்சினோடு ஓடும் ஒரு சிறு பம்பு காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும். அவ்வுறிஞ்சலே பிறேக்குக்கு உதவுகின்றது, கதவுகளைப் பூட்டுகின்றது, திறப்பைத் திருப்பும்போது எரிபொருளையும் அடைக்கின்றது. எங்கேயாவது ஓட்டை விழுந்தால் உறிஞ்சல் போதாது, எஞ்சின் நிற்காது. அண்ணை ஒவ்வொரு குழாயாகப் பிடுங்கி விரலால் அடைத்து அடைத்துப் பார்த்துக்கொண்டு போனார். பின் கதவுப் பூட்டுக்குள்ளே ஒரு இறப்பர்த் தகடு கிழிந்திருந்தது. பின் கதவு பழுதானால் எஞ்சின் நிற்காது என்று எந்தப் பௌதிகப் புத்தகத்தில் எழுதியிருக்கின்றது? ஆயினும் அதுவே உண்மை. அக்குழாயை ஒரு ஆணியால் அடைத்ததும் எஞ்சின் பசுப்போல் நின்றது. புதிய தகடு வரும்வரை இரண்டு மாதம் அந்த ஆணியோடே ஓடினோம்.

நகரத்துக் கராஜார் வஞ்சகர் என்று நான் எண்ணவில்லை. அந்தக் காரை அறிந்த முதியவர்கள் ஓய்ந்துவிட்டனர். இளையவர்கள் கணினி பொருத்திய கார்களிலே தேர்ந்தவர்கள். ஆதலால் பழைய கார் வைத்திருப்பவன் தானும் கொஞ்சம் படிக்கவேண்டும். அக்காலத்துத் திருத்தற் கைந்நூலை எடுத்து, இரவிலே ஒவ்வொரு பக்கமாய் வாசித்தேன். கார் விலையோடு ஒப்பிட்டால் நூலின் விலை ஒன்றுமில்லை.

இரண்டாம் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். தண்ணீர், ஒயில், வால்வு, சங்கிலி.

தண்ணீர் விடயத்தில் நமது நாட்டிலே இரண்டு தப்பெண்ணங்கள் உண்டு. பனி பெய்யாத ஊரிலே றேடியேற்றருக்குக் கூலன்ற் எதற்கு, கிணற்றுத் தண்ணீர் போதாதா என்பது ஒன்று. கூலன்ற் உறைவதைத் தடுப்பதோடு, துருப் பிடியாமலும் காக்கின்றது, கொதிநிலையையும் உயர்த்துகின்றது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரிலே கேத்திலின் அடியிற் படியும் சுண்ணாம்பை எல்லாரும் கண்டிருக்கிறோம். அதே சுண்ணாம்பு றேடியேற்றரிலும் படியும். மற்றது, எஞ்சின் சூடேறினால் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடுவது. இந்த எஞ்சினிலே தேமோஸ்ரற் இருவழிக் கதவு போன்றது. சூடேறியதும் றேடியேற்றருக்கு வழி திறந்து, குறுக்கு வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரிற் பெரும்பகுதி குறுக்கு வழியாலேயே சுற்றிவரும்; சூடு குறையாது, கூடும்.

டீசல் ஒயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும். அதனால் நிறத்தைப் பார்த்து மதிப்பிட முடியாது, மானியைப் பார்த்தே மாற்றவேண்டும். நான் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகின்றேன். வால்வு இடைவெளியை 24,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை சரிசெய்யும்படி அந்நாளிலே விதிக்கப்பட்டிருந்தது. உள்வால்வுக்கு இடைவெளி 0.10 மில்லிமீற்றர், வெளிவால்வுக்கு அதனிலும் கூட. தேயத் தேய இவ்விடைவெளி கூடுவதில்லை, குறைகின்றது. ஆகவே ஓசை எதுவும் எழாது. ஓசையில்லாத நோயே பொல்லாதது. காலையிலே எஞ்சின் கிளம்ப முரண்டு பிடிக்கும், புகைக்கும், உரிமையாளர் "றிங் போயிற்று" என்று எஞ்சினைப் பிரிப்பார். செய்யவேண்டியது இரண்டு ஸ்பானர்களோடு ஒரு மத்தியானப் பொழுது வேலை. வால்வுகளை ஆட்டும் சங்கிலி நீண்டுபோயிருக்கின்றதா என்பதையும் அப்பொழுதே பார்த்துவிடலாம். மாற்றவேண்டியிருந்தாலும் எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. பழைய சங்கிலியின் ஒரு கண்ணியை வெட்டி, புதிய சங்கிலியை அதனோடு தொடுத்து, கையால் எஞ்சினைச் சுற்றச் சுற்றப் பழையது வெளியே வர, புதியது உள்ளே போகும். தறிகாரர் பாவு பிணைப்பது போன்ற வேலை. பார்க்க அழகாயிருக்கும்.

உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பிலே பஞ்சிகாவத்தை இருக்கும்வரை கவலையில்லை. ஆனால் வெறுங்கையோடு போகலாகாது. பழைய பாகத்தையும் அதன் இலக்கத்தையும் கொண்டு போகவேண்டும். பென்ஸ் காரின் பாக இலக்கங்களிலே முதல் மூன்று எண்களும் அப்பாகம் எந்த வரிசைக் காருக்கு அல்லது எந்த எஞ்சினுக்கு முதலில் ஆக்கப்பட்டது என்பதைக் காட்டும். எங்கள் காருக்கு 123, எஞ்சினுக்கு 616. மேலும், கார்க் கொம்பனி தன் பெயரைப் பொறித்து விற்கும் பல பாகங்களை உண்மையிற் செய்பவர்கள் வேறு. எரிபொருட் பம்பு பொஷ், ஸ்ரியறிங் மூட்டு லெம்ஃபோர்டர், வடிகட்டி மான் என்று இப்படி. அதே பாகம் செய்தவரின் சொந்தப் பெட்டியிலே வந்தால் விலை குறைவு. கண்ணாடி, கதவுப்பிடி, விளக்கு, இரும்புத் தகடு ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்கலாம், நானும் வாங்கினேன். பிறேக், ஸ்ரியறிங், இறப்பர் ஆகியவற்றைப் பாவித்ததாக ஒருபோதும் வாங்குவதில்லை. ஒருவர் கழற்றி எறிந்த நோயை நாம் காசு கொடுத்து வாங்குவானேன்?

இவ்வகை டீசல் எஞ்சின்கள் சாவதேயில்லை என்று காரபிமானிகள் சொல்லித் திரிவர். அவர்கள் மேற்கோள் காட்டுவது கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கி நகரத்து வாடகைக்கார்ச் சாரதி கிரகோரியோஸ் சச்சினிடிஸ் என்பவரை. 1976ஆம் ஆண்டு 240 டி ஒன்றை அவர் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டி, 2004இலே அதனை மெர்சிடிஸ் அரும்பொருட்சாலைக்குக் கொடுத்தார். உண்மைதான். ஆனால் கதையின் பிற்பாதியை அபிமானிகள் விழுங்கிவிடுகின்றனர். அவரிடம் மூன்று எஞ்சின்கள் இருந்தன. ஒன்று களைத்ததும் அதை இறக்கித் திருத்த விட்டு, மற்றொன்றை ஏற்றுவார். அந்தக் கார் சாகாமல் இருந்தது இரும்பின் மகிமையால் மாத்திரமன்று.

நெடுந்தூரம் போவானேன்? 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திலே யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதபோது, ஒஸ்ரின் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அப்பொழுது நான் அரைக் காற்சட்டை போட்ட மாணவன். ஒரு சிறு போத்தலிலே பொன்போல வைத்திருந்த பெற்றோலை கார்புரேற்றரிலே சில துளிகள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெல்லாம் வெண்புகை, குப்பி விளக்கு மணம். அக்கார்களின் அமுக்க விகிதம் குறைவாயிருந்தபடியாலேயே அது சாத்தியமாயிற்று. ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். எங்கள் ஒழுங்கை மெக்கானிக் அண்ணையின் தகப்பனார், ஒயில்க் கோலைத் தொட்டு இரண்டு விரலுக்கிடையே உருட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் ஓடலாம்" என்பார். பிரசவத்துக்குப் போன தாய்மாரும் காயப்பட்டவர்களும் அந்த இரண்டு நாட் கணக்கை நம்பியே ஏறினர். இன்று அண்ணை எங்கள் பென்ஸின் ஒயில்க் கோலை அதே விதமாக விரலில் உருட்டிப் பார்க்கும்போது, டீசலுக்கு அது தேவையில்லை என்று நான் சொல்வதில்லை.

செலவுக் கணக்கைப் பலரும் கேட்கின்றனர். ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்ததும், பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு தொகையைக் காருக்கென்று தனியே ஒதுக்கிவிடுவோம். மனைவியே அதற்குப் பொருளாளர். பழுது நேரும் மாதத்திலே தேடிக் கடன்படுபவனுக்குத்தான் பழைய கார் யானையாகின்றது. கடந்த ஆண்டு முழுவதற்கும் ஒன்றரை மாதச் சம்பளம் முடிந்தது. லீசிங்கிலே புதிய சிறு கார் எடுத்த என் சக ஆசிரியர் மாதந்தோறும் தம் சம்பளத்திற் பாதிக்கு மேல் கட்டுகின்றார். ஆனால் அவருடைய கார் மழை நாளில் வழியில் நிற்பதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். என்னுடையது சென்ற வருடம் இரண்டு முறை நின்றது. தினமும் ஓடியே ஆகவேண்டிய குடும்பத்துக்கு, வேறு வாகனம் இல்லாத வீட்டுக்கு, பழைய ஆடம்பரக் காரை வாங்கும்படி நான் சொல்லமாட்டேன். வாங்க விரும்புவோர் பெயின்றைப் பாராமல் அடியிலே படுத்துப் பார்க்கட்டும். ஜக்கு வைக்கும் இடங்களும், தரைத் தகடும், முன் கண்ணாடியின் அடிவாரமும் உக்கியிருந்தால், எஞ்சின் எவ்வளவு இனிமையாய்ப் பாடினாலும் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சினுக்கு வைத்தியம் உண்டு, உக்கலுக்கு அடக்கம்தான். கடற்காற்று வீசும் எங்கள் பகுதிகளில் மாதமொருமுறை அடித்தகட்டை நன்னீரால் கழுவி, கதவுகளின் அடியிலுள்ள நீர்வழித் துளைகளை ஈர்க்கால் குத்தி விடுவது பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை. எங்கள் வீட்டிலே அது மகனுடைய பொறுப்பு.

பலகடுவையில் உரசிய கீறல் இன்னும் அப்படியே இருக்கின்றது. கொப்பியிலே அது மூன்றாம் பகுதியைச் சேர்ந்தது. குளிரூட்டியும் அதே பகுதியிலேதான், நான்கு வருடமாக. மாதமொருமுறை மாமாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும்போது, முன் ஆசனத்திலே சால்வையோடு அமர்ந்து, "தம்பி, ஏ.சி. எப்பவாம்?" என்று கேட்பார். "பின் சக்கரத்து பேரிங் ஒன்று இருக்கு, மாமா, அது முடியட்டும்" என்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, தடவித் தடவிக் கைப்பிடியைக் கண்டுபிடித்து, கண்ணாடியை இறக்குவார்.